ஒன்பதாம் காலும் பத்தாம் காலும்

சிவப்பு எச்சரிக்கை வந்த இரவு
அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்று
எல்லாரும் எடுக்க
நான் எடுத்தது சோல்டரிங் கோல்.
அம்மா இன்னும் திட்டுகிறாள்.
பொகவந்தலாவை டவுனில் போன் திருத்துகிறவள்
வேறு எதை எடுப்பாள்?

பாடசாலை மண்டபத்தில் மூன்று லயத்துச் சனம்.
டெஸ்க்குகளை ஒட்டிப்போட்டுப் படுக்கை.
மேல் லயத்து லோகிதராசன்
ரெஜிபோம் பெட்டியோடு ஒரு டிவி கேம் கொண்டுவந்திருந்தான்.
மெசின் நல்ல மெசின்.
அதன் ரிமோட்டை நாய் மென்றுவிட்டது,
பட்டன் ஒன்றும் மிச்சமில்லை, வயர் மட்டும் முழுசு.

கீழ் லயத்து அமிர்தவள்ளி கையில்
வேறொரு கேமின் ரிமோட், தன்னந்தனியாக.
கேம் வீட்டில், கட்டிலுக்கு அடியில்.
"ஓடும்போது இதுதான் கைக்கு வந்துச்சு" என்றாள்.

தண்ணிக் குழாய் விஷயத்தில்
ரெண்டு வீடும் பேசி ஒன்றரை வருஷம்.
ரிமோட்டை அவள் மகனிடம் கொடுத்தனுப்பினாள்.
மெசினை அவன் மச்சான் தூக்கி வந்தான்.
நடுவில் நான், சம்மணமிட்டு,
வாயில் டோர்ச் எரியும் போனைக் கவ்விக்கொண்டு.

மெசின் வாயில் ஏழு ஓட்டை.
இந்த ரிமோட் முனையில் ஒன்பது.
ஒத்துவராது என்றுதான் தோன்றும்.
திறந்தால் ரெண்டிலும் ஐந்தே வயர்,
ரெண்டிலும் பதினாறு காலுள்ள ஒரே கறுப்புப் பூச்சி.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.
இங்கே கரண்ட் சுமக்கும் சிவப்பு
அங்கே வேறு வேலை பார்க்கும்.
மீட்டர் முனையை வைத்து வைத்துத்தான் கேட்கவேண்டும்.
அது பீப் என்று கத்தும்போதெல்லாம்
பக்கத்து டெஸ்க்கில் ஒரு கைக்குழந்தை நெளிந்தது.
மீட்டரைக் கம்பளியில் சுற்றினேன்.

"எர்த் எதுக்கா?"
மச்சான் கேட்டான்.
எட்டாம் கால் என்றேன்.
தமிழில் சொல்லவில்லை.
மண் என்ற சொல்லை
அன்று மண்டபத்தில் யாரும் வாயில் எடுக்கவில்லை.

பதினாறாம் காலில் கரண்ட்.
மூன்றாம் காலில் பதில் வரும்.
ஒன்பதாம் கால் சொல்லும்:
எட்டுப் பட்டனையும் இப்போது பார்த்துக்கொள்.
பத்தாம் கால் சொல்லும்:
பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்.

பற்றவைத்தேன்.
பாடசாலை டிவியில் படம் வந்தது.
சின்னவன் அம்பை அழுத்தினான், ஆள் அசையவில்லை.
சுடும் பட்டன், அதுவும் இல்லை.
குதிக்கும் பட்டனைத் தொட்டான்:
ஆள் குதித்து, சுட்டு, இடமும் வலமும் ஒரே நேரத்தில் இழுபட்டு
அப்படியே உறைந்து நின்றான்.
ஒரு பட்டனுக்கு எட்டும் பதில் சொல்கின்றன.

சாயங்காலம் எங்கள் லயமும் அப்படித்தான்.
கிராம சேவகர் தட்டியது ஒரு கதவை.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
"அப்படியே விடுங்கக்கா, இதுதான் நல்லாயிருக்கு."
நான் பூச்சியின் கால்களைத் திரும்ப எண்ணினேன்.
ஒன்பதும் பத்தும் மாறிப்போயிருந்தன.
பார் என்ற இடத்தில் சொல், சொல் என்ற இடத்தில் பார்.
பாவம், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பார்த்து
முதல் பட்டனையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

கோல் சூடேறும்வரை காத்திருந்தோம்.
கூரைத்தகரத்தில் மழை
இன்னும் முடிக்காத ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது.

ரெண்டாம் தடவை சரியாக நடந்தான் ஆள்.
இன்சுலேசன் டேப் இல்லை.
முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்டரை
ஐந்து மூட்டிலும் சுற்றினேன்.
"இழுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒரே ரிமோட், அதனால் ஒரே சட்டம்:
செத்தால் கை மாறும்.
பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூங்கி விழ
மூன்று மணிக்கு நான் கண் விழித்தபோது
டிவி வெளிச்சத்தில் லோகிதராசனும் அமிர்தவள்ளியும்,
நடுவில் ஒரு காலி நாற்காலி.
அவள் செத்தாள். ரிமோட்டை நாற்காலியில் வைத்தாள்.
அவன் எடுத்தான்.
பேசவில்லை. குழாயைப் பற்றியும் இல்லை.
அவன் சீக்கிரமே செத்துவிட்டான், விளையாடத் தெரியாதவன்.

காலையில் யார் எதைத் தூக்கிப்போனார்கள் என்று
நான் பார்க்கவில்லை.
வயர் அவனது, உடம்பு அவளது.
பிரிக்கவேண்டுமென்றால் திரும்ப வெட்டத்தான் வேண்டும்.

பிளாஸ்டர் இந்தக் குளிருக்குத் தாங்காது, ஈரம் ஏறும்.
கடைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம்.
மறந்துவிட்டேன்.